தப்பெழுத்துப் பெட்டி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கியிருக்கிறேன். மைசூர்த் தமிழ்ச் சங்கத்து மலருக்குக் கட்டுரை கேட்டு ஆள் வரும்போதெல்லாம், "எஸ்எஸ்எல்சிக்கு மேலே போகாதவள் நான், எனக்கு என்னங்க எழுதத் தெரியும்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி என்னவென்றால், நான் சொல்ல வேண்டிய விஷயத்தில் இன்னொருவர் வாயிலிருந்து வந்த ஒரு சொல் இருக்கிறது. அதை அச்சில் போட்டால் அவரைக் குறை சொன்னதுபோல ஆகிவிடுமோ என்று பயம்.

போன மாதம் அவரே வீட்டுக்கு வந்தார், மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க. காபி குடிக்கும்போது பயந்து பயந்து கேட்டேன். "எழுதுங்க அக்கா. என் பேரையும் போடுங்க. நம்ம ஆபீஸ்ல நடந்தது நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார். அதனால் இன்று விளக்கேற்றி, எங்கள் ஊர்ச் சாமி மாதேஸ்வரனைக் கும்பிட்டு, எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே ஹெப்பாள் தொழிற்பேட்டையில் பஸ் இறங்கி, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்று எனக்குத் தெரியும். என் பேரனும் அப்படித்தான். பக்கத்தில் யாராவது இருந்தால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

உங்களுக்கு வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒரு மெயில் முகவரி கொடுத்துவிடுகிறார்கள். அதை யார் யோசித்து வைத்தார்கள், ஏன் அப்படி வைத்தார்கள் என்று நீங்கள் கேட்பதில்லை. எங்கள் காலத்தில் நாங்களே வைத்தோம். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் கம்பெனி சின்னது. பிறந்த குழந்தைகளுக்குச் சூடு கொடுக்கும் மெஷின் செய்தோம். மேலே ஒரு ஹீட்டர், கீழே குழந்தையைப் படுக்கவைக்க ஒரு மெத்தை. குழந்தையின் தோலில் ஒட்டவைக்கும் சென்சார் ஒன்று உண்டு. உடம்புச் சூடு குறைந்தால் ஹீட்டர் கூடும், சூடு ஏறினால் ஹீட்டர் குறையும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு அது இன்னொரு கருப்பை மாதிரி என்று எங்கள் யஜமானர் சொல்வார். நான் முதலில் பேக்கிங்கில் இருந்தேன். எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துப் பெண், தமிழ் கன்னடம் இரண்டும் வாயில் ஓடும் என்பதால், தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளோடு பேச ஆபீஸுக்குள் கூப்பிட்டுக்கொண்டார்கள். அங்கே நாங்கள் மூன்று பேர். சர்வீஸுக்கு மஞ்சுநாத், கணக்குக்கு சுரேஷ், கடிதம், ஃபோன், டெஸ்பாட்ச் எல்லாவற்றுக்கும் நான். எங்கள் பேச்சில் கன்னடமும் தமிழும் கலந்துதான் இருக்கும். படிப்பவர்களுக்காகத் தமிழாக்கி எழுதுகிறேன்.

அப்போது கம்பெனிக்கென்று முகவரி கிடையாது. முன்னே இருந்த சர்வீஸ் இன்ஜினியரின் சொந்த மெயிலுக்குத்தான் எல்லா ஆஸ்பத்திரியும் எழுதும். அவர் பெங்களூரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். கடிதங்களும் அவரோடு போய்விட்டன. கொஞ்ச நாள் அவரும் பாவம் எங்களுக்கு அனுப்பிவைத்தார். பிறகு அவர் வேலையே அவருக்குச் சரியாக இருந்திருக்கும்.

யஜமானர் எங்களை டீ நேரத்தில் உட்காரவைத்தார்.

"ஆள் வருவான், போவான். முகவரி போகக்கூடாது. இனிமே யார் பேரும் வேண்டாம். சர்வீஸ்னு ஒண்ணு, அக்கவுண்ட்ஸ்னு ஒண்ணு. எனக்கு ஒண்ணு."

மஞ்சுநாத்துக்கு முகம் வாடிவிட்டது. "சார், விசிட்டிங் கார்டுல என் பேர்ல ஒரு மெயில் இருந்தா டாக்டருங்க கொஞ்சம் மதிப்பாங்க."

"டாக்டருங்க உன் கையில ஸ்க்ரூ டிரைவர் இருந்தாலே மதிப்பாங்க, போடா."

அப்படியாக சர்வீஸ் முகவரி மஞ்சுவுக்கும் எனக்கும் பொது ஆயிற்று. வருவது இரண்டு பேர் கம்ப்யூட்டரிலும் தெரியும். ஒருவர் திறந்து படித்துவிட்டால் மற்றவருக்கும் அது படித்ததாகக் காட்டும். ஒருவர் இல்லாவிட்டால் ஒருவர் பார்த்துக்கொள்வோம், எதுவும் தவறாது என்று நினைத்தோம். யோசனை நல்ல யோசனைதான். இன்றைக்கும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

இன்னொரு சிக்கல் இருந்தது. கம்பெனி ஆரம்பித்தபோது ஜோசியர் ஒருவர், பெயருக்கு இங்கிலீஷில் ஒரு 'ஏ' எழுத்தைக் கூடச் சேர்க்கச் சொல்லியிருந்தார். பலகையில், பில்லில், மெஷினில் ஒட்டும் ஸ்டிக்கரில் எல்லாம் அடுத்தடுத்து இரண்டு 'ஏ'. மெயில் முகவரியிலும் @ என்ற சுழிக்குப் பின்னால் அப்படியே வந்தது. உச்சரித்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் நான் டெஸ்பாட்ச் பார்த்தவள். லாரி ஆபீஸ் ரசீதில் யாரும் இரண்டு 'ஏ' போட்டு நான் பார்த்ததில்லை.

"சார், தப்பா எழுதற பேரையும் சேர்த்து வாங்கி வெச்சிடலாமுங்களா?" என்று கேட்டேன்.

யஜமானர் யோசித்தார். அவர் தெய்வ பக்தி உள்ளவர், ஜோசியர் வார்த்தையில் நம்பிக்கை உள்ளவர். "பெரியவங்க சேர்த்த எழுத்தை நாமே எடுக்கிறதா, பழனியம்மா?"

"எடுக்கலீங்க சார். பேரு பேராவே இருக்கட்டும். தெரியாம எழுதறவங்களுக்குப் பின்பக்கம் ஒரு கதவு. அவ்வளவுதான்."

சுரேஷுக்கு ஒரே சிரிப்பு. "அக்கா தப்பெழுத்துக்கு ஒரு போஸ்ட் ஆபீஸ் திறக்கறாங்க. நாளைக்குத் தப்பு நம்பர் டயல் பண்றவனுக்கும் ஒரு ஃபோன் வாங்கணும் சார்." ஆனாலும் யஜமானர் வாங்கினார். எல்லாக் குப்பையும் நல்ல கடிதங்களோடு கலக்கக் கூடாது என்று சுரேஷ் பிடிவாதம் பிடித்ததால், அந்த மாற்று முகவரிக்கு வருவது மட்டும் தனியாக என் கம்ப்யூட்டரில் வந்து விழும்படி செய்தார்கள். சுரேஷ் அதற்குத் தப்பெழுத்துப் பெட்டி என்று பெயர் வைத்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், "இன்னிக்கு என்ன அக்கா வந்தது, லாட்டரி விழுந்ததா?" என்று கேட்பான். உண்மையில் லாட்டரிதான் வரும். கடன் தருகிறோம் என்று வரும். யாரோ ஒரு புண்ணியவான் தினமும் காலை வணக்கம் சொல்லி ரோஜாப்பூப் படம் அனுப்புவார். அவர் யாருக்கு அனுப்ப நினைத்தாரோ தெரியாது. நான் தினமும் அதைத் திறந்து பார்த்துவிடுவேன். நான் கேட்டு வாங்கியது, நானே பார்க்காவிட்டால் எப்படி.

இனி அந்த நாள்.

யஜமானர் குடும்பத்தோடு திருமலைக்குப் போயிருந்தார். ஒரு பெரிய ஆஸ்பத்திரி ஆர்டர் கைக்கு வரும் நிலையில் இருந்தது. அது முடிந்தால் ஷெட்டைப் பெரிதாக்கலாம் என்று வேண்டிக்கொண்டுதான் போனார். அன்று காலை சர்வீஸ் முகவரிக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. குண்டலுபேட்டை தாண்டி, எல்லைப் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோம். "சென்சார் சில நேரம் குறைவாகக் காட்டுகிறது, ஆள் அனுப்பிப் பார்க்கவும்" என்று இரண்டே வரி, மரியாதையான இங்கிலீஷ். நான் பார்க்கும்போதே அது படித்ததாக இருந்தது. மஞ்சு திறந்திருக்கிறான் என்று புரிந்தது. அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"மஞ்சு, அந்த நர்சிங் ஹோம் லெட்டர்?" என்றேன்.

"ஆய்த்து அக்கா, ஆய்த்து" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மைசூரில் இருப்பவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீட்டுத் தமிழில் 'ஆச்சு' என்றால் முடிந்தது என்று மட்டும்தான் அர்த்தம். கன்னடத்தில் 'ஆய்த்து' என்றால் முடிந்தது என்றும் அர்த்தம், 'சரி, அப்படியே' என்றும் அர்த்தம். ஒரு நாளில் நூறு முறை சொல்வோம், நூறு முறை கேட்போம். நான் முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன். பதில் போய்விட்டது, ஆளும் போகப் போகிறான் என்று நினைத்துக்கொண்டு வேறு வேலையைப் பார்த்தேன். அவன் சொன்னது அந்த ஆய்த்து இல்லை. நான் அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேச்செடுத்ததால் நானே பதில் போடப் போகிறேன் என்று நினைத்து, 'சரி அக்கா' என்று சொல்லியிருக்கிறான்.

மறுநாள் மத்தியானம் டப்பாவைத் திறந்து, முதல் வாய் வைப்பதற்குள் தப்பெழுத்துப் பெட்டியில் ஒன்று வந்து விழுந்தது. லாட்டரி என்று நினைத்துத் திறந்தேன். அதே நர்சிங் ஹோம். எழுதியது வேறு ஒரு சிஸ்டர். மெஷின் ஸ்டிக்கரைப் பார்த்து ஃபோனில் அவசரமாகத் தட்டியிருக்கிறார். ஒரு 'ஏ' விட்டுப்போயிருந்தது. இங்கிலீஷ் உடைந்து கிடந்தது, ஆனால் எனக்கு நன்றாகப் புரிந்தது. குழந்தையைத் தொட்டால் சுடுகிறது. மெஷினோ குழந்தை குளிர்ந்திருக்கிறது என்று காட்டி இன்னும் சூடு ஏற்றுகிறது. பக்கத்து மெஷினிலும் அப்படியே. நேற்று எழுதியதற்குப் பதில் இல்லை.

டப்பாவை அப்படியே தள்ளிவைத்தேன். கடிதத்தின் கீழே இருந்த நம்பருக்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்தார். ஊட்டிப் பக்கத்துத் தமிழ்.

"சிஸ்டர், மைசூர்ல இருந்து பேசறேனுங்க, வார்மர் கம்பெனி. குழந்தை எப்படி இருக்குது?"

"அடேயப்பா, கூப்பிட்டுட்டீங்களா! மெஷினை ஆஃப் பண்ணிட்டேன். குழந்தையை அம்மா நெஞ்சு மேலேயே போட்டு, துணியால கட்டி வெச்சிருக்கேன். டாக்டர் பக்கத்துல நிக்கிறார். சூடு இறங்கிட்டு வருது. நான் கையால தொட்டுப் பார்த்தேங்க. மெஷினை நம்பியிருந்தா..." என்று நிறுத்தினார்.

"நீங்க நல்லா இருக்கணும் சிஸ்டர்."

"நான் நல்லா இருக்கறது இருக்கட்டும். ரெண்டு மெஷினும் ஒரே மாதிரி பண்ணுது. வேற எங்கெல்லாம் குடுத்திருக்கீங்க, அதைப் பாருங்க முதல்ல."

அந்த வார்த்தைதான் என்னை உலுக்கிற்று. ஒரு மெஷின் கெட்டால் மெஷின் கோளாறு. இரண்டும் ஒரே மாதிரி கெட்டால் சென்சாரே கோளாறு. அந்தச் சென்சார் புதிதாக வாங்கியது. அதே சென்சாரோடு இன்னும் சில ஆஸ்பத்திரிகளுக்கு மெஷின் போயிருக்கிறது. அங்கேயும் இந்த நேரத்தில் மெத்தையில் யார் வீட்டுப் பிள்ளையோ படுத்திருக்கும்.

மஞ்சுவைக் கூப்பிட்டேன். சாமராஜநகரில் வேலையில் இருந்தான்.

"மஞ்சு, நேத்து அந்த லெட்டருக்குப் பதில் போட்டியா இல்லையா?"

"நானா? நீங்க போடறேன்னு சொன்னீங்களே?"

"நான் எப்பச் சொன்னேன்? நீதானே ஆய்த்துன்னே?"

"ஆய்த்துன்னா... சரின்னு சொன்னேன் அக்கா."

சிஸ்டர் சொன்ன விஷயத்தை அவனிடம் சொன்னேன். அவன் குரலே மாறிவிட்டது. "எல்லாருக்கும் சொல்லுங்க அக்கா. சென்சாரைக் கழட்டச் சொல்லுங்க. கையால சூட்டை வைக்கிற முறைக்கு மாத்தி, தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்துக்கிட்டே இருக்கச் சொல்லுங்க. நான் நேரா அந்த நர்சிங் ஹோம் போறேன்." அந்தச் சென்சார் எந்தெந்த ஆஸ்பத்திரிக்குப் போனது என்று அவனே ஒவ்வொன்றாகச் சொன்னான். கடைசியில் தயங்கி ஒரு பெயர் சொன்னான். ஆர்டர் தரப்போகிற அந்தப் பெரிய ஆஸ்பத்திரி. பழகிப் பார்க்க ஒரு மெஷின் அங்கே கொடுத்திருந்தோம்.

யஜமானருக்கு அடித்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. தரிசன வரிசைக்குள் போகும்போது ஃபோனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எப்போது வெளியே வருவார் என்று அந்தப் பெருமாளுக்குத்தான் தெரியும்.

சுரேஷ் என் மேசைக்கு வந்து நின்றான். அவன் கெட்டவன் இல்லை. கம்பெனி மேல் அக்கறை உள்ளவன்.

"எல்லாருக்கும் அனுப்புங்க அக்கா, வேண்டாம்னு சொல்லல. அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மட்டும் யஜமானர் வரட்டும். நம்ம மெஷின் கெட்டுப்போச்சுன்னு நாமே எழுதினா ஆர்டர் கிடைக்குமா?"

"அங்க மட்டும் குழந்தைங்க வேற மாதிரியா சுரேஷ்?"

"நான் அப்படிச் சொல்லல." அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "சரி, அனுப்பறதுன்னா சார் முகவரியில இருந்து அனுப்புங்க. பாஸ்வேர்ட் உங்ககிட்ட இருக்கு. முதலாளி எழுதினாத்தான் ஓடி வந்து பார்ப்பாங்க. சர்வீஸ்ல இருந்து போனா எவன் திறப்பான்?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. யஜமானர் ஊரில் இல்லாதபோது அவருக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்ல என்னிடம் பாஸ்வேர்ட் கொடுத்திருந்தார். அவர் பெயரில் போனால் உடனே பார்ப்பார்கள். பிள்ளைகளின் உயிர் விஷயம் என்று மனசு அந்தப் பக்கம்தான் இழுத்தது. ஆனால் அவர் படிக்கத்தான் கொடுத்தார், பேசக் கொடுக்கவில்லை. சாமி சந்நிதியில் நிற்கிற மனுஷன் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக நான் எப்படி எழுதுவது? அதுவும் இல்லாமல், கடிதம் பார்த்த டாக்டர் திரும்பக் கூப்பிட்டால் அந்த ஃபோன் லாக்கரில் அல்லவா கிடக்கும்.

சர்வீஸ் முகவரியிலிருந்தே எழுதினேன். சுரேஷே பக்கத்தில் உட்கார்ந்து இங்கிலீஷைத் திருத்தினான். முதல் வரியிலேயே, சென்சாரை நம்ப வேண்டாம், இப்போதே கழற்றுங்கள் என்று போட்டோம். அதுவரை அந்த முகவரியிலிருந்து போன கடிதங்களுக்குக் கீழே சர்வீஸ் பிரிவு என்று மட்டும்தான் இருக்கும். அன்று அதற்கு மேலே 'பழனியம்மாள்' என்று என் பெயரைத் தட்டினேன். என் சொந்த மொபைல் நம்பரையும் போட்டேன். கம்பெனிக் கடிதத்தில் என் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. "மாதேஸ்வரா, பிள்ளைங்களைப் பாரு. மத்தது அப்புறம்" என்று சொல்லி அனுப்பினேன். எல்லோருக்கும். அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கும்.

அனுப்பிவிட்டு உட்காரவில்லை. சுரேஷ் ஒரு ஃபோன், நான் ஒரு ஃபோன் எடுத்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கூப்பிட்டோம். பாதி இடத்தில் லைன் கிடைக்கவில்லை. அதற்குள் என் மொபைலுக்கு அவர்களே கூப்பிட ஆரம்பித்தார்கள். "பழனியம்மாள் யாருங்க?" என்று கேட்டுக்கொண்டு ஒரு டாக்டர். "சர்வீஸ்னு மட்டும் இருந்திருந்தா சாயங்காலம் பார்த்திருப்பேன் அம்மா. ஒரு ஆள் பேரும் மொபைலும் இருந்ததால என்னமோ ஏதோன்னு கூப்பிட்டேன்" என்றார். இன்னொரு ஊரில் மெஷின் மேல் குழந்தை இருந்தது. நான் லைனில் இருக்கும்போதே கழற்றினார்கள். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, "சூடு கொஞ்சம் கூடத்தான் இருக்கு, பயமில்ல" என்று அந்தப் பக்கம் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. கடைசி ஆஸ்பத்திரியும் சரி என்று சொன்ன பிறகுதான் திறந்துவைத்த டப்பா நினைவுக்கு வந்தது. சுரேஷ் தன் சாப்பாட்டைப் பாதி என் டப்பா மூடியில் போட்டுவிட்டுப் போனான்.

யஜமானர் வெளியே வந்து கூப்பிட்டபோது எல்லாம் சொன்னேன். "நான் வர்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். கோபமா இல்லையா என்று குரலில் தெரியவில்லை. வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். என் வீட்டுக்காரருக்கு அப்போது உடம்பு முடியாத காலம், என் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. அவரிடம் சொன்னேன். "போனா போகட்டும், பேக்கிங்குக்கு எவனாவது கூப்பிடுவான். குழந்தை நல்லா இருக்கா, அதைச் சொல்லு" என்றார். அப்படிப்பட்ட மனுஷனைக் கொடுத்ததற்கும் நான் தெய்வத்துக்குக் கடன்பட்டவள்.

யஜமானர் மொட்டைத் தலையோடு ஆபீஸுக்குள் வந்தார். நாங்கள் மூன்று பேரும் எழுந்து நின்றோம். பையிலிருந்து லட்டை எடுத்தார்.

"முதல்ல பிரசாதம் வாங்குங்க."

வாங்கினோம். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "என் முகவரியில இருந்து ஏன் அனுப்பல? பாஸ்வேர்ட் இருந்ததே."

"நீங்க சொல்லாததை நீங்க சொன்ன மாதிரி எழுத மனசு வரலீங்க சார்."

"அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் அனுப்பிட்டீங்க."

"அனுப்பிட்டேனுங்க."

மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். "ஆர்டர் வேண்டிக்கிட்டுப் போனேன் பழனியம்மா. கியூவில நிக்கும்போது என்ன தோணுச்சோ, நம்ம மெஷின்ல படுக்கிற பிள்ளைங்க நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். ஆர்டரை மறந்தே போனேன்." உள்ளே போய், முதல் வேலையாக அந்த சிஸ்டருக்கு ஃபோன் செய்து நன்றி சொன்னார்.

அந்த ஆர்டர் போய்விட்டது, திரும்பி வரவில்லை. அவர் அதைப் பற்றி ஒருநாளும் எங்களிடம் பேசியதும் இல்லை. புதுச் சென்சார்கள் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து மாற்றிக் கொடுத்தோம்.

யஜமானர் திரும்பி வந்த மறுநாள் காலை. எங்கள் ஆபீஸில் முதலில் வருபவர் சாமுண்டி அம்மன் படத்துக்குப் பூ வைத்து விளக்கேற்ற வேண்டும். அன்று மஞ்சு முதலில் வந்திருந்தான். விளக்கேற்றிவிட்டு, மாலையிலிருந்து ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளித் தன் கம்ப்யூட்டர் மேல் வைத்தான்.

"இது என்ன மஞ்சு, கம்ப்யூட்டருக்கு ஆயுத பூஜையா?" என்றான் சுரேஷ்.

"இன்னிக்கு சர்வீஸ் பெட்டி என் மேல. எந்த லெட்டர் வந்தாலும் நான்தான் பதில் சொல்லணும். நாளைக்கு அக்கா மேல. பூ யார் கிட்ட இருக்கோ அவங்களைத்தான் கேக்கணும்." பிறகு என்னைப் பார்த்து, "இனிமே நான் ஆய்த்துன்னு சொன்னா எந்த ஆய்த்துன்னு கேளுங்க அக்கா" என்றான். அவன் மன்னிப்பு கேட்ட விதம் அது. கேட்கவே வேண்டியதில்லை. தப்பு அவன் மேலும் இல்லை, என் மேலும் இல்லை. பொதுப் பெட்டி என்று வைத்தோமே தவிர, இன்றைக்கு அது யாருடையது என்று வைக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் அந்தக் கடிதம் விழுந்தது.

நான் ஓய்வு பெறும் வரை அந்தப் பூ தினமும் மாறி மாறி வைக்கப்பட்டது. யாராவது லீவு என்றால் போவதற்கு முன் பூவை எடுத்து அடுத்தவர் மேசையில் வைத்துவிட்டு, "பூ உங்க கிட்ட" என்று வாயால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இப்போது கம்ப்யூட்டரிலேயே பெயர் குறிக்க வழி இருக்கிறது என்கிறார்கள். நல்லது. பூவோ குறியோ, ஒரு பெயர் இருக்கட்டும்.

உங்கள் கம்பெனியில் முகவரி வைக்க உங்களைக் கேட்டால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வேலைக்கு ஒரு முகவரி வையுங்கள், ஆள் பெயரில் வேண்டாம். எங்கள் யஜமானர் சொன்னது சரி. ஆனால் அதிலிருந்து போகும் ஒவ்வொரு கடிதத்துக்கும் கீழே ஒரு ஆள் பெயர் இருக்கட்டும். மஞ்சு கேட்டதும் சரிதான். பெயர் முகவரியில் வேண்டாம், பதிலில் வேண்டும். உங்கள் பெயரைத் தப்பாக எழுதுபவர்கள் இருப்பார்கள். அவர்கள் படிக்காதவர்கள் என்று நினைக்காதீர்கள். கையில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு கையால் தட்டுபவர்களாக இருக்கலாம். அவர்களுக்கு ஒரு கதவைத் திறந்துவையுங்கள். திறந்த கதவைத் தினமும் எட்டிப் பாருங்கள்.

அந்தக் குழந்தை தேறி வீட்டுக்குப் போனது சிஸ்டர் எழுதித்தான் எங்களுக்குத் தெரியும். பெண் குழந்தை. அந்தக் கடிதமும் தப்பெழுத்துப் பெட்டிக்குத்தான் வந்தது. ஃபோனில் அந்த முகவரியே பதிந்துவிட்டது போலிருக்கிறது. தீபாவளி வாழ்த்தும் அதற்கேதான் அனுப்புவார். நான் அவரைத் திருத்தியதே இல்லை. எழுத்தைச் சேர்த்தது ஜோசியர். அன்று ஒரு எழுத்தை விடவைத்தது மாதேஸ்வரன் என்றுதான் நான் நம்புகிறேன். முகவரி சரியாக இருந்திருந்தால், அது பொதுப் பெட்டிக்குப் போய், இன்னொரு 'ஆய்த்து' ஆகியிருக்குமோ என்னவோ. நான் வேலையை விட்டபிறகு அந்தப் பெட்டியை யார் பார்க்கிறார்கள் என்று மஞ்சுவிடம் கேட்டேன். "சுரேஷ்தான் அக்கா. தினமும் சாப்பிடறதுக்கு முன்னாடி திறந்து பார்த்துடுவான். அந்த ரோஜாப்பூ இன்னும் வருதாம்" என்றான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இதைப் படித்த நீங்கள் உங்கள் ஆபீஸில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது என்னைப் பெரியவளாக்கவும் வேண்டாம், மஞ்சுவைச் சின்னவனாக்கவும் வேண்டாம். தொட்டுப் பார்த்த அந்த சிஸ்டரின் கையை மறக்கவும் வேண்டாம். நடந்ததை நடந்தபடியே, ஓர் எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் கைமாற்றுங்கள். ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் கடிதம் எங்கெங்கே போகும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

சொல்லி முடித்ததும் கேட்டவர்கள் "ஆய்த்து" என்று தலையாட்டினால் விட்டுவிடாதீர்கள். எந்த ஆய்த்து என்று கேளுங்கள்.